டவருக்குப் பக்கத்துப் பள்ளி, தூரத்துப் பள்ளி: இந்த ஒப்பீடு போதுமா?

நீங்கள் கேட்டது இது: பொது சுகாதாரத்தில் முதுநிலை ஆய்வுக்காக, செல்போன் டவருக்கு 100 மீட்டருக்குள் இருக்கும் ஒரு பள்ளியையும், ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் இன்னொரு பள்ளியையும் எடுத்துக்கொண்டு, 13 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்களின் தலைவலி, தூக்கம், ஞாபகசக்தி மூன்றையும் ஒப்பிடலாமா?

இந்த வடிவத்தில் செய்யாதீர்கள் என்பதுதான் என் பதில். ஆறு மாதம் உழைத்தால் ஏதோ ஒரு வித்தியாசம் நிச்சயம் கண்ணில் படும். அது டவரால்தான் வந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று தேர்வாளர் கேட்கும்போது கையில் பதில் இருக்காது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அதைக் கைவிட வேண்டாம், கேட்கும் விதத்தை மாற்றினால் போதும்.

முதலில் தூரத்தைப் பற்றிப் பேசிவிடலாம், ஏனென்றால் உங்கள் திட்டமே அதன் மேல்தான் நிற்கிறது. நாம் டவர் என்று சொல்வது வெறும் இரும்புச் சட்டம். அலைகளை அனுப்புவது அதன் உச்சியில் நெடுக்குவாட்டில் மாட்டியிருக்கும் ஆன்டெனாக்கள். ஒவ்வொன்றின் கற்றையும் பக்கவாட்டில் நன்றாக விரிந்திருக்கும், ஆனால் மேல்கீழாகப் பார்த்தால் மிக மெல்லியது, சில பாகைதான். அதைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து வைப்பார்கள். அதனால் முதன்மைக் கற்றை தரையைத் தொடுவது பெரும்பாலும் 50 முதல் 300 மீட்டர் தொலைவில்தான். டவரின் காலடியில் நிற்பவருக்குக் கிடைப்பது ஓரச் சிதறல் மட்டுமே. விளக்கடியில் இருட்டு என்பது இங்கே அப்படியே பொருந்தும்.

ஒரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். கற்றையை ஒரே திசையில் குவிப்பதால் கிடைக்கும் பெருக்கத்தையும் சேர்த்து, ஓர் ஆன்டெனா 1000 வாட்டுக்குச் சமமான திறனில் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். தடை எதுவும் இல்லாத வெளியில், கற்றையின் நட்டநடுவில் 100 மீட்டர் தள்ளி நிற்பவர் மேல் சதுர மீட்டருக்குச் சுமார் 8 மில்லிவாட் விழும். 200 மீட்டரில் அது கால் பங்காகி 2 மில்லிவாட் ஆகிவிடும். இது கற்றையின் நடுவில் நிற்பவர் கதை. நடுவில் ஒரு சுவர் வந்தாலோ, வகுப்பறை மூன்றாம் மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு மாறினாலோ, ஆன்டெனா வேறு பக்கம் பார்த்திருந்தாலோ எண்கள் தலைகீழாகிவிடும். ஒரே பள்ளிக்குள் இரண்டு வகுப்பறைகளுக்கு இடையே இருக்கும் வேறுபாடு, இரண்டு பள்ளிகளுக்கு இடையே உள்ளதைவிடப் பெரிதாக இருக்கலாம். இன்னொன்றும் இருக்கிறது. ஐந்தாம் தலைமுறை ஆன்டெனாக்கள் பயன்படுத்துவோர் இருக்கும் பக்கமாகக் கற்றையைத் திருப்புகின்றன. காலை பத்து மணிக்கு ஒருமுறை அளந்துவிட்டு அதையே ஆண்டு முழுவதற்கும் வைத்துக்கொள்வது இனி செல்லாது.

சரி, 8 மில்லிவாட் அதிகமா, குறைவா? அயனியாக்காக் கதிர்வீச்சுக்கான பன்னாட்டு ஆணையம், இக்னிர்ப் என்று சுருக்கமாகச் சொல்வார்களே, அது பொதுமக்களுக்கு வைத்திருக்கும் வரம்பு 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 4.5 வாட், 1800 மெகாஹெர்ட்ஸில் 9 வாட். நாம் பார்த்த 8 மில்லிவாட் இதில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த வரம்பு எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், விமர்சனம் அங்கேதான் தொடங்குகிறது. உடலின் ஒவ்வொரு கிலோவும் சராசரியாக 4 வாட் உறிஞ்சினால் உடல் வெப்பம் ஏறக்குறைய ஒரு பாகை செல்சியஸ் உயரலாம். அந்த 4 வாட்டை 50 ஆல் வகுத்து, பொதுமக்களுக்கு 0.08 வாட் என்று வைத்தார்கள். முழுக்க முழுக்க வெப்பத்தை அடிப்படையாகக் கொண்ட கணக்கு. வெப்பம் ஏறாத அளவிலும், பல ஆண்டுகள் தொடர்ந்தால் ஏதாவது நடக்குமா என்பது தனிக் கேள்வி, நீங்கள் கேட்பதும் அதைத்தான். டிஎன்ஏவை நேரடியாக உடைக்கும் வேலை இந்த அலைகளால் ஆகாது. 1 கிகாஹெர்ட்ஸ் ஒளித்துகள் ஒன்றின் ஆற்றல் ஒரு எலக்ட்ரான் வோல்ட்டின் பத்து லட்சத்தில் நான்கு பங்குதான். உடலில் உள்ள மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க ஏறக்குறைய பத்து எலக்ட்ரான் வோல்ட் தேவைப்படும். ஆகவே பாதிப்பு இருந்தால் அது வேறு வழியில்தான் வர வேண்டும், அந்த வழி எது என்பதை இதுவரை யாரும் உறுதியாகக் காட்டவில்லை.

இப்போது உங்கள் திட்டத்தையே கவிழ்க்கக்கூடிய விஷயத்துக்கு வருகிறேன். அந்த மாணவர்களின் கையில் செல்போன் இருக்கிறது.

போன் தன் திறனைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். சிக்னல் நன்றாக இருந்தால் மெல்லப் பேசும், மங்கலாக இருந்தால் கத்தும். இரண்டாம் தலைமுறைப் போன்கள் 900 மெகாஹெர்ட்ஸில் சராசரியாக 0.25 வாட் வரை அனுப்பக்கூடியவை. அதுவும் காதோடு ஒட்டிய நிலையில். டவரின் திறன் பெரிதாக இருந்தாலும் அது நூறு மீட்டர் தாண்டி வருகிறது, போனுக்கும் மூளைக்கும் இடையே சில சென்டிமீட்டர்தான். சுவிட்சர்லாந்தில் பதின்வயதினரிடம் கணக்கிட்டபோது, அவர்களின் மூளைக்குச் சேரும் அளவில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் உடலுக்கு அருகில் இருந்த கருவிகளிலிருந்தே வந்தது. டவரின் பங்கு மிச்சத்துக்குள் ஒரு துளி. இதிலிருந்து ஒரு விசித்திரமான முடிவு கிடைக்கிறது: டவருக்குப் பக்கத்தில் இருக்கும் மாணவனின் போன் மெல்லப் பேசுவதால், அவன் மூளைக்குப் போகும் மொத்த அளவு தூரத்துப் பள்ளி மாணவனுடையதைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். நீங்கள் 'அதிகம்' என்று பெயர் வைத்த குழுவே உண்மையில் 'குறைவு' குழுவாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

உங்களுடையதைப் போலவே இரண்டு பள்ளிகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2015இல் சவுதி அரேபியாவிலிருந்து வெளிவந்தது. அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு என்பதால் சற்று நின்று பார்ப்போம். 159 மாணவர்கள். டவர் அலை அதிகமுள்ள பள்ளியில் எச்பிஏ1சி, அதாவது மூன்று மாத ரத்தச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் அளவு, 5.44. மற்றப் பள்ளியில் 5.32. வித்தியாசம் 0.12. புள்ளியியல் சோதனை இதை 'தற்செயல் இல்லை' என்றது. டவரால் சர்க்கரை நோய் வருகிறது என்று செய்திகளும் கிளம்பின.

ஆனால் அந்தச் சோதனை எதைக் கேட்டது? 'இந்த இரண்டு பள்ளி மாணவர்களும் வேறுபட்டவர்களா?' என்று கேட்டது. இரண்டு பள்ளிகள் ஆயிரம் விதத்தில் வேறுபடும். எந்த வட்டாரத்துப் பிள்ளைகள், என்ன சாப்பிடுகிறார்கள், விளையாட இடம் இருக்கிறதா, பெற்றோருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று அடுக்கிக்கொண்டே போகலாம். டவர் அந்த ஆயிரத்தில் ஒன்று. நூற்றைம்பது மாணவர்கள் இருந்தாலும், டவர் என்ற காரணியைப் பொறுத்தவரை அந்த ஆய்வில் இருப்பவை இரண்டே இரண்டு அலகுகள்: ஒரு பள்ளி, இன்னொரு பள்ளி. இரண்டு புள்ளிகளை வைத்து எந்தக் கோட்டையும் வரைந்துவிடலாம்.

அங்கே அளந்த எண்ணையும் பாருங்கள். 'அதிக அலை' உள்ள பள்ளியில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 9.6 நானோவாட். சதுர மீட்டருக்கு மாற்றினால் 96 மைக்ரோவாட். அந்த அலைவரிசைக்கான இக்னிர்ப் வரம்பில் இது ஏறக்குறைய ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. டென்மார்க், நெதர்லாந்து, ஸ்லோவேனியா, சுவிட்சர்லாந்து, ஸ்பெயின் ஆகிய ஐந்து நாடுகளில் 8 முதல் 18 வயது வரையிலான 529 பிள்ளைகளிடம் அளவுமானியைக் கொடுத்து மூன்று நாள் வரை கூடவே வைத்திருக்கச் சொன்னார்கள். 2018இல் வெளியான அதன் முடிவில், எல்லா மூலங்களும் சேர்ந்த இடைநிலை அளவு சதுர மீட்டருக்கு 75.5 மைக்ரோவாட், அதில் டவரிலிருந்து வந்தது 27.2. அதாவது, அந்த 'அதிக அலை' பள்ளியின் அளவு ஐரோப்பாவில் சாதாரணமாகத் திரியும் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. அளந்த முறைகள் வேறு என்பதால் நேருக்கு நேர் வைத்துப் பார்க்க முடியாது. ஆனாலும் அளவின் பருமன் புரியும்.

அடுத்து, இரண்டு பள்ளி ஆய்வைவிட எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஏழாம் வகுப்பு மாணவர்கள் 317 பேரிடம் செய்த ஆய்வு, 2009இல் வந்தது. போனில் அதிகம் பேசும் பிள்ளைகள் சோதனைகளில் வேகமாகவும், ஆனால் தவறுகளோடும் பதில் சொன்னார்கள். மூளையை அலை மாற்றுகிறது என்று அங்கேயே எழுதி முடித்திருக்கலாம். ஆய்வாளர்கள் இன்னொன்றையும் பார்த்தார்கள்: அதிகம் குறுஞ்செய்தி அனுப்பும் பிள்ளைகளிடமும் இதே போக்கு இருந்தது. குறுஞ்செய்தி அனுப்பும்போது போன் தலைக்குப் பக்கத்திலேயே இல்லை, அலையும் சொற்பம். அப்படியென்றால் காரணம் அலையாக இருக்க வாய்ப்புக் குறைவு, போனைப் பயன்படுத்தும் பழக்கமே பிள்ளைகளை அவசரக்காரர்களாக்கியிருக்கலாம் என்று முடிவுக்கு வந்தார்கள். உங்கள் ஆய்விலும் இப்படி ஒரு 'பொய்க் காரணி'யைச் சேர்த்துவையுங்கள். அலை இல்லாத, ஆனால் பழக்கம் மட்டும் உள்ள ஒன்று. அதுவும் அதே விளைவைக் காட்டினால் நீங்கள் பிடித்தது அலை இல்லை என்று தெரிந்துவிடும்.

எதிர்த்திசையில் நிற்கும் முடிவையும் மறைக்கக் கூடாது. சுவிட்சர்லாந்தில் 12 முதல் 17 வயதுள்ள கிட்டத்தட்ட 700 பேரை ஓராண்டு தொடர்ந்த ஆய்வு 2018இல் வந்தது. போன் அழைப்பு விவரங்களில் ஒரு பகுதியைச் சேவை நிறுவனங்களிடமிருந்தே வாங்கினார்கள், பிள்ளைகளின் நினைவை நம்பவில்லை. மூளைக்குச் சேர்ந்த அளவு கூடக்கூட, உருவங்களை நினைவில் வைக்கும் திறன் ஓராண்டில் சற்றுக் குறைந்தது. வலது காதில் வைத்துப் பேசுபவர்களிடம் இது தெளிவாகத் தெரிந்தது, உருவ நினைவுக்கான பகுதிகள் பெரும்பாலும் வலப்பக்க மூளையில் இருக்கின்றன. சொற்களை நினைவில் வைக்கும் திறனில் அப்படி எதுவும் இல்லை. குறுஞ்செய்தி, விளையாட்டு போன்ற அலை குறைந்த பயன்பாடுகள் அந்த வித்தியாசத்தைக் காட்டவில்லை. இதை நான் தள்ளிவிட மாட்டேன், ஆனால் ஒரே ஆய்வை வைத்துத் தீர்ப்பும் எழுத மாட்டேன். இங்கேயும் பேச்சு போனைப் பற்றியது, டவரைப் பற்றியது இல்லை.

டவர் உட்படச் சூழலில் உள்ள அலைகளை மட்டும் பார்த்த பெரிய முயற்சி ஜெர்மனியில் நடந்தது. பவேரியா மாநிலத்தில் 8 முதல் 17 வயது வரை ஏறக்குறைய 3000 பேர் 24 மணி நேரம் அளவுமானியைக் கட்டிக்கொண்டார்கள். எல்லோருடைய அளவும் வரம்பில் ஒரு சதவீதத்துக்குக் கீழே. பதின்வயதினரில் அதிக அளவு பெற்ற கால்பகுதியினரிடம் நடத்தைச் சிக்கல்கள் சற்று அதிகமாகத் தெரிந்தன. ஆனால் ஒரே நாளில் எடுத்த படம் அது. அலையால் பிள்ளை முரடானதா, முரட்டுப் பிள்ளை போனை அதிகம் பிடித்துக்கொண்டிருந்ததா என்று அந்தப் படம் சொல்லாது.

புற்றுநோய் உங்கள் தலைப்பில் இல்லை, அதில் கை வைக்காமல் இருப்பதே நல்லது. பதின்வயதில் மூளைக்கட்டி அபூர்வம். அதை ஆராய 14 நாடுகள் சேர வேண்டியிருந்தது. மோபி கிட்ஸ் என்ற அந்த ஆய்வு 10 முதல் 24 வயது வரையுள்ளவர்களைப் பார்த்தது, போனுக்கும் மூளைக்கட்டிக்கும் காரணத் தொடர்புக்குச் சான்று கிடைக்கவில்லை. டவரை நேராக எடுத்துக்கொண்ட பிரிட்டன் ஆய்வு 2010இல் வந்தது. நான்கு வயது வரையுள்ள, புற்றுநோய் வந்த 1397 குழந்தைகளை 5588 பேரோடு ஒப்பிட்டது. தாய் கர்ப்பமாக இருந்தபோது வீட்டருகே இருந்த டவரோடு தொடர்பு தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் ரேடியோ அலைகளை 2பி பிரிவில் வைத்ததை யாராவது நிச்சயம் உங்களிடம் எடுத்துச் சொல்வார்கள். 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்பதுதான் அந்தப் பிரிவின் பொருள். சான்று கொஞ்சம் இருக்கிறது, போதுமானதாக இல்லை என்பதற்கான இடம் அது. அந்த முடிவுக்கு அடிப்படையாக இருந்த மனித ஆய்வுகளும் முக்கியமாகப் போனை அதிகம் பயன்படுத்தியவர்களைப் பற்றியவை.

தலைவலிக்கு வருவோம். இதில் ஒரு கண்ணிவெடி இருக்கிறது, அச்சம். டவர் கண்ணில் பட்டாலே தலை வலிப்பவர்கள் உண்டு, அந்த வலி பொய்யில்லை, உண்மையாகவே வலிக்கும். இங்கிலாந்தின் எசெக்ஸில் டவர் அலைக்குத் தங்கள் உடல் ஒவ்வாது என்று சொன்னவர்களை அழைத்து, அலை ஓடுகிறதா இல்லையா என்று அவர்களுக்கும் சோதிப்பவருக்கும் தெரியாத நிலையில் உட்காரவைத்தார்கள். எப்போது அலை இருந்தது என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஓடுகிறது என்று தெரிந்தபோது மட்டும் உடல்நிலை மோசமானது. டென்மார்க்கில் 15, 16 வயதுள்ள 40 பேரையும் பெரியவர்கள் 40 பேரையும் 45 நிமிடம் மூன்றாம் தலைமுறை டவர் அலையில் வைத்துப் பார்த்தார்கள். சிந்தனைத் திறனில் மாற்றமில்லை. தலைவலி மதிப்பெண் சற்று ஏறியது, ஆனால் அலை ஓடிய நாளில் தொடக்க மதிப்பெண்ணே குறைவாக இருந்ததால் அப்படித் தெரிந்திருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள்.

அதனால் உங்கள் வினாத்தாளில் 'டவர்' என்ற சொல் முதல் பக்கத்தில் வரவே கூடாது. தலைப்பு 'மாணவர் உடல்நலமும் தூக்கமும்' என்று இருக்கட்டும். 'உங்கள் வீட்டருகே டவர் இருக்கிறதா, அதைப் பற்றிக் கவலைப்படுகிறீர்களா?' என்பதைக் கடைசியில் கேளுங்கள். கவலையை ஒரு காரணியாகவே அளந்துவையுங்கள். நெறிமுறைக் குழுவிடம் மட்டும் இதை முன்கூட்டியே விளக்கி அனுமதி பெறுங்கள், ஆய்வு முடிந்ததும் பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் முழு நோக்கத்தையும் சொல்லுங்கள்.

பதின்வயதினரை ஏன் தனியாகப் பார்க்க வேண்டும் என்றும் வழிகாட்டி கேட்பார். பிள்ளைகளின் மண்டை மெலிது, மூளை அதிகம் உறிஞ்சும் என்று எழுதிவிடாதீர்கள். அது ஐந்து வயதுக் குழந்தைக்கு ஓரளவு பொருந்தும். 15 வயதில் தலையின் அளவு பெரியவர்களுடையதற்கு மிக நெருக்கம். வலுவான காரணங்கள் வேறு: மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது, இவர்கள் பிறந்ததிலிருந்தே இந்த அலைகளுக்குள் இருக்கிறார்கள், தூக்க நேரம் இயல்பாகவே பின்னுக்குப் போகும் வயதும் இதுதான். கடைசியாகச் சொன்னது உங்களுக்குத் தொல்லை தரும், ஏனென்றால் இரவு பதினொரு மணிக்குத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குத் தூக்கம் கெட டவர் தேவையில்லை.

சரி, எப்படிச் செய்வது? இரண்டு பள்ளிகளுக்குப் பதில் பத்துப் பள்ளிகள் வேண்டும், ஒவ்வொன்றிலும் 40 பேர் போதும். 400 பேர் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அந்த ஒற்றுமைக் கெழு வெறும் 0.05 என்று வைத்தாலும், 1 + 39 × 0.05 = 2.95. 400ஐ இதால் வகுத்தால் 136 தனித்தனி ஆட்களுக்குச் சமமான தகவல்தான் மிஞ்சும். மாதிரி அளவை இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு தீர்மானியுங்கள், பகுப்பாய்விலும் பள்ளியை ஒரு மட்டமாக வையுங்கள்.

வெளிப்பாட்டைத் தூரத்தால் அளக்க வேண்டாம். அலைவரிசை வாரியாகப் பிரித்துப் பதியும் தனிநபர் அளவுமானிகளை இரவல் வாங்கமுடியுமா பாருங்கள், இயற்பியல் துறையிலோ தொலைத்தொடர்புப் பொறியியல் துறையிலோ இருக்கலாம். எல்லோருக்கும் கிடைக்காவிட்டால், ஒவ்வொரு பள்ளியிலும் சிலருக்குக் கொடுத்து, வகுப்பறை, வீடு, போகும் வழி என்று மாதிரி எடுத்து, மற்றவர்களுக்கு அதிலிருந்து கணியுங்கள். டவரிலிருந்து வருவதையும் போன்களிலிருந்து வருவதையும் தனித்தனியாக எழுதுங்கள், இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்கினால் ஆய்வு செத்துவிடும். ஒரு சின்ன எச்சரிக்கை: பையில் உள்ள போனுக்கு ஒட்டினாற்போல் அளவுமானியை வைத்தால் அது போனைத்தான் அளக்கும்.

போன் பயன்பாட்டைப் பிள்ளைகளிடம் கேட்டு எழுதாதீர்கள், யாரும் சரியாகச் சொல்வதில்லை, நான் உட்பட. அனுமதி வாங்கிப் போனிலேயே உள்ள பயன்பாட்டுப் பதிவைப் பாருங்கள். தூக்கத்துக்கு மணிக்கட்டில் கட்டும் அசைவுமானி ஒரு வாரம் போதும். ஞாபகசக்திக்கு, தரப்படுத்தப்பட்ட ஒரே ஒரு சோதனையை முதன்மை விளைவாகத் தேர்ந்தெடுத்து, தரவு சேகரிக்கத் தொடங்கும் முன்பே எழுதிப் பதிவுசெய்துவிடுங்கள். ஒன்றையொன்று சாராத இருபது விளைவுகளை வழக்கமான 5 சதவீத வரம்பில் சோதித்தால், எந்தப் பாதிப்பும் இல்லாவிட்டாலும் குறைந்தது ஒன்றாவது 'முக்கியத்துவம்' பெற 64 சதவீத வாய்ப்பு உண்டு. ஆய்வேட்டுக்கு அந்த ஒன்று தலைப்பாகிவிடும் என்பது நமக்குத் தெரிந்த கதைதானே.

முடிந்தால் ஆறு மாதம் கழித்து இன்னொரு சுற்று அளந்துகொள்ளுங்கள். இடையில் ஏதாவது ஒரு பள்ளியருகே புது ஆன்டெனா வந்தாலோ, பழையது அகற்றப்பட்டாலோ அதைத் தவறவிடாதீர்கள், அதே பிள்ளைகளின் முந்தைய, பிந்தைய நிலையை ஒப்பிட அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

பெரும்பாலும் உங்களுக்கு 'தொடர்பு தெரியவில்லை' என்ற முடிவுதான் வரும். அதைத் தோல்வியாக எழுதாமல், நம்பக இடைவெளியோடு எழுதுங்கள்: இந்த அளவுக்கு மேல் பாதிப்பு இருந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்கும், அதைவிடச் சிறியதை எங்களால் மறுக்க முடியாது என்று.

வழிகாட்டியிடம் போவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஓர் அளவுமானியை இரவல் வாங்கி, நீங்கள் மனதில் வைத்திருக்கும் அந்த இரண்டு பள்ளிகளிலும் ஒரு முழுநாள் நடந்து அளந்து பாருங்கள். வகுப்பறை, மொட்டைமாடி, மைதானம், டவரின் காலடி. அந்த எண்களை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனால் மிச்சத்தை அந்தத் தாளை வைத்தே பேசிக்கொள்ளலாம்.